நாலாவது பெட்டியின் முட்டைகள்

"மிஸ், புரோகிராம் எண்ணூத்திப் பன்னெண்டு வரி ஆயிருச்சுங்க" என்றார் நாச்சிமுத்து.

புகார் மாதிரித்தான் சொன்னார். முகத்தில் இருந்தது என்னவோ பெருமை.

ரெஜினா நிமிரவில்லை. ஒரு இன்வெர்ட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே இரண்டு ஸ்க்ரூக்கள். அதனால்தான் அவள் குறைவாகப் பேசுகிறாள் என்று சிலர் சொல்வார்கள். ஸ்க்ரூ இல்லாத நேரத்திலும் அவள் அவ்வளவுதான் பேசுவாள்.

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

தாராபுரம் போகும் சாலையில் ஒரு சின்ன சர்வீஸ் கடை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆசைப்பட்டு வரும் நாலைந்து பேருக்கு மின்னணு வேலை சொல்லிக்கொடுப்பாள். கையகல போர்டு ஒன்றை வைஃபையில் சேர்ப்பது, தொட்டி நிரம்பினால் போனுக்குச் செய்தி வரவைப்பது, தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே நிறுத்துவது, இந்த மாதிரி.

நாச்சிமுத்து முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். அவராலும் முடியவில்லை, அவர் மனைவி தெய்வானையாலும் முடியவில்லை. இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

ரெஜினா ஸ்க்ரூக்களை எடுத்து ஒரு மூடியில் போட்டாள்.

"எத்தனை பெட்டிங்கய்யா?"

"ஆறுங்க."

"என்ன வேலை செய்யுதுங்க?"

"கோழி அடைகாக்கற மாதிரி முட்டையப் பாத்துக்குதுங்க. சூடு முப்பத்தேழரைக்குக் கீழ போனா பல்பு எரியும். மேல போனா அணையும். ரொம்ப ஏறினாலோ எறங்கினாலோ எனக்கு மெசேஜ் வந்துரும்."

"ஆறும் அதேதானா?"

"ஆறும் அதேதானுங்க."

ரெஜினா ஒரு விரலைக் காட்டினாள்.

ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்கிறாள் என்று நினைத்து நாச்சிமுத்து பொறுத்தார். ஒரு நிமிஷம் போயிற்று. விரல் அப்படியே இருந்தது.

"ஒரு தடவை எழுதினா போதுங்கய்யா" என்றாள். "போன மாசமே சொன்னேன்."

சொன்னாள்தான். ஒரு வேலையை ஒரே இடத்தில் எழுதி, அதற்கு ஒரு பேர் வைத்து, வேண்டும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். அதற்கு ஃபங்ஷன் என்று பேர். எந்தப் பெட்டிக்கு என்று கூடவே ஒரு நம்பரும் கொடுத்துவிட்டால் போதும். வகுப்பில் மற்ற நாலு பேரும் அன்றைக்கே அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாச்சிமுத்துவுக்குப் புரியாமல் இல்லை. மனசு ஒப்பவில்லை.

"அது ஞாயமில்லைங்க மிஸ்" என்றார்.

"ஏனுங்கய்யா?"

"ஆறு பெட்டியும் ஆறு வீட்டு முட்டைங்க. ஒரு வீட்டு முட்டைய இன்னொரு வீட்டு முட்டையோட கலந்து வெச்சா எங்கூர்ல சண்டையாயிரும். அவங்கவங்க கோழி, அவங்கவங்க வித்து. அதனாலதான் பெரிய பெட்டி ஒண்ணு பண்ணாம, தெர்மாகோல்ல ஆறு சின்னப் பெட்டியா பண்ணி, வெளிய பேர் எழுதி ஒட்டியிருக்கறன். மாரியப்பன் வீட்டுக்குன்னு எழுதினத எடுத்து மரகதம் வீட்டுக்குப் போட்டா, அது அவுங்களுக்குப் பண்ற ஓரவஞ்சனைங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, மொதல்ல இருந்து, உக்காந்து எழுதினன்."

இப்படியும் ஒரு நேர்மை உலகத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு ரெஜினா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

"சரிங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குங்க" என்றாள். "சென்சார் ஒயர் கழண்டுபோனா, சூடு மைனஸ் நூத்தி இருபத்தேழுன்னு காட்டும். அது குளிரில்லை. சென்சார் பேசலைன்னு அர்த்தம். அதைக் குளிருன்னு நம்பிட்டா உங்க பல்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த நம்பர் வந்தா பல்ப அணைச்சுட்டு உங்களைக் கூப்பிடணும்னு எழுதிருங்க."

"எங்கீங்க எழுதணும்?"

"மத்தவங்களுக்கு ஒரு இடம். உங்களுக்கு ஆறு இடம்."

இன்வெர்ட்டரின் மூடி மறுபடி அவள் மடிக்குப் போய்விட்டது.

*

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தார்.

முதல் பெட்டிக்கு எழுதினார். இரண்டாவதற்கு எழுதினார். மூன்றாவதை முடித்த நேரம் தெய்வானை சாப்பிடக் கூப்பிட்டாள்.

அன்று அரிசிம்பருப்புச் சாதம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து ஐந்தாவது பெட்டியில் ஆரம்பித்தார்.

முப்பத்தோரு வருஷத்தில் ஓர் ஆளைக்கூட டிக்கெட் இல்லாமல் இறங்க விட்டதில்லை என்று சொல்லிக்கொள்கிற மனுஷன். ஒரு பெட்டியைத் தாண்டிப் போய்விட்டார். தாண்டினது தெரியவும் இல்லை. ஆறாவதை முடித்துவிட்டு, எண்ணூற்று நாற்பது வரியைத் தாண்டிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

நாலாவது பெட்டி மரகதத்தினுடையது.

மரகதம் அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள். அவளிடம் பெருவிடை என்கிற பெரிய ரக நாட்டுக்கோழி ஒன்று இருந்தது. அந்த வித்து அவள் அம்மா வீட்டிலிருந்து சீதனம் போல வந்தது. பதினோரு முட்டை போட்டுவிட்டு, அடைக்கு உட்காரப்போன நேரத்தில் தெருநாய் அதைக் கடித்துப் போட்டுவிட்டது. ஊரில் அந்த வித்து வேறு யாரிடமும் இல்லை. பதினோரு முட்டையையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

"இதுதானுங்கண்ணா மிச்சம்" என்று மட்டும் சொன்னாள்.

*

முட்டை வைத்த ஒன்பதாம் நாள் மத்தியானம், முட்டைகளைப் புரட்டி வைக்கும்போது அவர் முழங்கை நாலாவது பெட்டியின் ஒயரில் பட்டது. அவர் கவனிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு ரேஷன் கடைக்குப் போனார்.

வரிசையில் நிற்கும்போது போன் சிணுங்கியது.

"பெட்டி நான்கு. குளிர். பல்பு போட்டாயிற்று."

"பாத்தீங்களா" என்று முன்னால் நின்றவரிடம் போனைக் காட்டினார். "நான் இங்க நிக்கறன். அங்க அதுவே பாத்து பல்பு போட்டுருச்சு."

முன்னால் நின்றவர் ஆச்சரியப்பட்டார். நாச்சிமுத்து பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலாவது பெட்டியின் மூடியைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார்.

உள்ளே வைத்திருந்த கண்ணாடித் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்றைத் தாண்டி நின்றது. சென்சார் ஒயர் கழன்று தொங்கியது. திரையில் மைனஸ் நூற்றி இருபத்தேழு.

பல்பைப் பிடுங்கினார். மூடியைத் திறந்து வைத்தார். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சூடு தணிந்ததும் ஒயரையும் பல்பையும் மறுபடி மாட்டினார். ஜன்னலை அடைத்துவிட்டு, போனின் டார்ச்சில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும்.

நாலு முட்டையில் அசைவில்லை. மீதி ஏழில் அசைகிற மாதிரி இருந்தது. அது முட்டை அசைந்ததா, அவர் கை அசைந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை.

*

மறுநாள் காலை ரெஜினா கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

"மிஸ், என்னால ஒரு வீட்டு முட்டை கெட்டுப்போச்சுங்க."

நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் ஷட்டரை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

நாச்சிமுத்து பாதியில் நின்ற ஷட்டரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டார்.

அந்த நேரத்தில் பேட்டரி ஏற்றிய வேன் ஒன்று வந்து நின்றது. பின்பக்கமாகக் கடை வாசலுக்கு வரவேண்டும். சாலை குறுகல். ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் சாக்கடை.

"கொஞ்சம் பின்னாடி பாத்து விடுங்கய்யா" என்றாள் ரெஜினா.

துக்கத்தில் இருந்தாலும் உடம்புக்குப் பழக்கம் மறக்குமா? நாச்சிமுத்து வேனின் பின்னால் போய் நின்று, இரண்டு தடவை அதன் உடம்பில் தட்டினார். வேன் பின்னால் வந்தது. ஒரு தடவை தட்டினார். நின்றது. கம்பத்தைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி ஒன்று. கடை வாசலுக்கு ஒரு சாண் இடைவெளியில் வேன் நின்றது.

பேட்டரிகள் இறங்கின. வேன் போயிற்று.

"டிரைவரு தெரிஞ்சவருங்களா?" என்று கேட்டாள் ரெஜினா.

"இல்லைங்க. இன்னைக்குத்தான் பாக்கறன்."

"கிளட்ச் எப்ப மிதிக்கணும், எந்த கியரு போடணும், பிரேக்க எப்ப விடணும், எதுவும் நீங்க சொல்லக் காணோமே."

"அதெதுக்குங்க சொல்றது? அது அவுருக்கு ஏற்கெனவே தெரியும். நான் தட்டுனா போதும்."

ரெஜினா வந்த பேட்டரிகளை எண்ண ஆரம்பித்தாள்.

*

திரும்பிப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஓர் இளவட்டப் பையன். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு விசில் அடித்தான். பஸ் நின்றது, ஆள் ஏறினார்கள், பஸ் கிளம்பியது.

நாச்சிமுத்து இருபத்திரண்டு ஸ்டாப்பு வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏறினவர்களில் பட்டுச்சேலை கட்டினவர் இருந்தார், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இருந்தார். யாருக்கும் தனி விசில் இல்லை. அவர் வேலை பார்த்த முப்பத்தோரு வருஷமும் அப்படித்தான். அது ஓரவஞ்சனை என்று ஒருநாளும் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு ஸ்டாப்பு போய்விட்டார். நடந்து வந்தார். நேராக மரகதத்தின் வீட்டுக்குப் போனார்.

"ஏம்மா மரகதம்."

"வாங்கண்ணா. முட்டை எப்படீங்க இருக்குது?"

"அதச் சொல்லத்தான் வந்தன். சூடு ஏறிப்போச்சு. நாலு போயிருச்சு. ஏழு இருக்குது. அதுவும் நிக்குமா என்னன்னு தெரியல. தப்பு எம்மேலதான்."

மரகதம் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பினாள். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் போனை வாங்கி, ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கை ஆடவில்லை.

"இது துடிக்குது" என்றாள். அடுத்ததை எடுத்தாள். "இதும் துடிக்குது."

ஏழையும் பார்த்து முடித்தாள். அசையாத நாலை எடுத்துத் தன் முந்தானையில் வைத்துக்கொண்டாள்.

"மத்தவங்க பெட்டிக்கு ஒயரு கழண்டா என்னாகும்?"

"பல்பு அணைஞ்சிரும். எனக்குச் சேதி வந்துரும். அப்படி எழுதி வெச்சிருக்கறன்."

"எனக்கு மட்டும் எழுதலீங்களா?"

"மறந்துபோட்டன்மா. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா எழுதினதுல, உன்னோடது விட்டுப்போச்சு. ஒருத்தருக்கு எழுதினத இன்னொருத்தருக்குப் போடக்கூடாதுன்னு நெனச்சன். ஞாயமா இருக்கோணும்னு."

மரகதம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மாரியப்பனுக்கு எழுதினதையே எனக்கும் போட்டிருந்தா, இந்த நாலும் பொழச்சிருக்குமுங்களேண்ணா."

முந்தானையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

*

நாச்சிமுத்து அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தெய்வானை இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

ஆறு வீட்டுக்கும் எழுதினதை அழித்தார். ஒவ்வொரு வீட்டையும் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் அழித்தார். மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினது. யாருக்குத்தான் மனசு வரும்?

பிறகு ஒன்றே ஒன்று எழுதினார். அதற்கு, இங்கிலீஷ் எழுத்தில், பெட்டிபார் என்று பேர் வைத்தார். பெட்டி நம்பர் சொன்னால் அது அந்தப் பெட்டியைப் பார்க்கும். சூடு குறைந்தால் பல்பு போடும். கூடினால் அணைக்கும். மைனஸ் நூற்றி இருபத்தேழு வந்தால் நம்பாது. பல்பை அணைத்துவிட்டு அவரைக் கூப்பிடும்.

அதற்குக் கீழே ஆறு வரி.

பெட்டிபார், ஒன்று. பெட்டிபார், இரண்டு. பெட்டிபார், மூன்று. பெட்டிபார், நான்கு.

நான்கை எழுதிவிட்டு விரலை வைத்துப் பார்த்தார். இருந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் போனார்.

எல்லாம் சேர்த்து நூற்றுப் பதினெட்டு வரி.

ஒவ்வொரு பெட்டியாக, முட்டைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒயரைத் தானே கழற்றிப் பார்த்தார். ஆறு தடவை பல்பு அணைந்தது. ஆறு தடவை போன் அழைத்தது.

*

ஞாயிற்றுக்கிழமை அதை ரெஜினாவிடம் காட்டினார். அவள் திரையை மேலிருந்து கீழ்வரை ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள். நூற்றுப் பதினெட்டு வரிக்கு அவ்வளவு நேரம்தான்.

அவர் நகரவில்லை.

"இன்னும் என்னங்கய்யா?"

"ஒரு பயம் இருக்குதுங்க மிஸ். முன்னெல்லாம் ஒரு இடத்துல தப்புப் பண்ணினா ஒரு வீடுதான் போகும். இப்ப இந்த ஒரு இடத்துல தப்புப் பண்ணிப்போட்டன்னா, ஆறு வீடும் ஒண்ணாப் போயிருமுங்களே."

"ஆமா."

"ஆமாவா?"

"ஆமாங்கய்யா. போயிரும்."

வகுப்பில் இருந்த மற்ற நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நாச்சிமுத்து காத்திருந்தார். அவள் ஒரு பழைய ரிமோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் என்னதாங்க பண்றது?"

"ஆறு இடத்த, ஒவ்வொண்ணையும் ஒரு தடவை படிச்சீங்க இல்ல?"

"ஆமாங்க."

"இனிமே ஒரு இடத்த ஆறு தடவை படிங்க."

*

இருபத்தோராம் நாள் காலை, நாலாவது பெட்டியிலிருந்து சத்தம் கேட்டது.

தெருவே வந்து நின்றது. மற்ற ஐந்து பெட்டிகளிலும் முந்தின நாளிலிருந்தே குஞ்சு பொரிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மரகதத்தின் பெட்டியில்தான்.

ஒரு முட்டையில் கீறல் விழுந்தது. கீறல் ஓட்டையாயிற்று. ஓட்டையிலிருந்து ஒரு சின்ன அலகு வந்து, களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. உடைத்து விடலாமா என்று யாரோ கேட்டார்கள். மரகதம் கையை நீட்டித் தடுத்தாள். அதுவாகத்தான் வரவேண்டும்.

பத்து மணிக்குள் ஐந்து வந்துவிட்டன. மற்ற இரண்டும் வரவில்லை.

ஐந்தும் ஈரமாக, கோரமாக, தள்ளாடிக்கொண்டு இருந்தன. நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"ஐஞ்சு இருக்குதும்மா" என்றார்.

"ஐஞ்சு போதுமுங்கண்ணா" என்றாள் மரகதம். "ஐஞ்சுல ஒண்ணு பொட்டையா இருந்தாலும் வித்து நின்னுரும்."

ரெஜினாவும் வந்திருந்தாள். கூட்டத்துக்குப் பின்னால், கையில் ஹெல்மெட்டோடு நின்றாள்.

ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் குஞ்சுகள். முதல் வாரம் அவற்றைச் சூடான பெட்டியில்தான் வைக்கவேண்டும். முட்டைக்கு முப்பத்தேழரை என்றால் குஞ்சுக்கு முப்பத்தைந்து. நாச்சிமுத்து அதற்கு அட்டைப் பெட்டிகளெல்லாம் தயாராக வைத்திருந்தார். கம்ப்யூட்டரையும் திறந்து வைத்திருந்தார்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு வெற்றுப் பக்கம். மேலே, "கோழிக்குஞ்சுப் பெட்டி" என்று தலைப்பு மட்டும்.

"என்னங்கய்யா இது?"

"குஞ்சுக்குப் புது புரோகிராமுங்க மிஸ். மொதல்ல இருந்து எழுதோணும். அது முட்டைக்கு எழுதினது. இது உசுருள்ள குஞ்சு. ரெண்டும் ஒண்ணாகுமுங்களா?"

ரெஜினா அவர் முகத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கொல்லைப்பக்கம் மரகதம், ஈரம் உலர்ந்துவிட்ட தன் ஐந்து குஞ்சுகளையும் மடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணா, என்னோடது பெட்டிக்கு வேண்டாமுங்க. தாய்க்கோழி கூடத் திரிஞ்சாத்தான் கெளறித் தின்னப் பழகும், பருந்தக் கண்டா ஒளியப் பழகும்."

"உன் கோழிதான் இல்லியேம்மா."

"மாரியப்பன் வீட்டுக் கோழி நேத்து எட்டுக் குஞ்சோட எறங்கியிருக்குது."

மாரியப்பன் கூட்டத்தில்தான் இருந்தார். முட்டையைக் கலந்தால் முதலில் சண்டைக்கு வருகிற ஆள் அவர். தலையைச் சொறிந்தார்.

"அது வேற வித்து" என்றார்.

"கோழிகிட்டக் கேட்டுப் பாக்கலாமுங்க" என்றாள் மரகதம்.

கூட்டமே மாரியப்பன் வீட்டுக் கொல்லைக்குப் போயிற்று. ஒரு சிவப்புக் கோழி முருங்கை மரத்தடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எட்டுக் குஞ்சுகள். மரகதம் குனிந்து, தன்னுடைய ஐந்தையும் கொஞ்ச தூரத்தில் ஒவ்வொன்றாகத் தரையில் விட்டாள்.

ஐந்தும் அங்கேயே நின்றன. நடுங்கின.

கொத்திவிடுமோ என்று நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். பதினோரு முட்டையில் மிச்சம் இவ்வளவுதான்.

கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தது. பிறகு தொண்டைக்குள், கொக்... கொக்... என்று குரல் கொடுத்தது. அதன் எட்டுக் குஞ்சுகளைக் கூப்பிடுகிற அதே குரல்.

பதின்மூன்றும் ஓடின.

கோழி இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. எல்லாம் உள்ளே போயின. எது யார் வீட்டுக் குஞ்சு என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு மஞ்சள் தலை மட்டும் இறக்கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது.

மாரியப்பன் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மரகதம் மட்டும் அழுதாள்.

நாச்சிமுத்து திரும்பி நடந்தார். ரெஜினா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

வீட்டுக்குள் போய், நின்றபடியே வெற்றுப் பக்கத்தை மூடினார். நூற்றுப் பதினெட்டு வரியைத் திறந்தார். முப்பத்தேழரை இருந்த இடத்தில் முப்பத்தைந்து என்று போட்டார்.

"மிஸ்" என்றார் திரும்பாமல். "முடிஞ்சுதுங்க."

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.